பென்ஷன் இல்லாத பழைய சிப்பாய்க்குப் பல் செட்டு யார் தருவார்?

கூலிம் வட்டாரத்துத் தோட்டப்பட்டணம் ஒன்றிலிருந்து 70 வயதுப் பெரியவர் ஒருவர், பல் மருத்துவரான எனக்குக் கைப்பட நீளமாக எழுதியிருக்கிறார். ஊரும் பேரும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டிருப்பதால், அவற்றை விட்டுவிட்டுக் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

பால்மரம் வெட்டிய குடும்பம். 1974இல், 19 வயதில், மலேசிய ராணுவத்தின் ரெஞ்சர் படையில் சேர்ந்தார். கிரிக் காடுகளிலும் தாய்லாந்து எல்லையிலும் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான நடவடிக்கைகளில் இருந்தார். 1979இல் ராணுவ லாரி கவிழ்ந்து தாடையில் அடி. மேல் முன்பற்கள் இரண்டு போயின. 1985இல், 11 ஆண்டு சேவையோடு வெளியே வந்தார். பென்ஷன் கிடையாது. அப்புறம் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் காவல் வேலை. சேமநிதிப் பணம் மகள் கல்யாணத்திலும் மலிவு விலை வீட்டிலும் கரைந்துவிட்டது. இப்போது மகனின் சம்பளமும் எஸ்டிஆர் எனும் அரசு உதவித்தொகையும்தான். மனைவிக்கு 66 வயது.

வாயின் நிலைமை இது: மேலே பல்லே இல்லை. வீட்டில் வைத்துப் பல் கட்டித்தரும் ஒருவரிடம் 12 ஆண்டுக்கு முன் வாங்கிய செட்டு நடுவில் உடைந்துபோய், சூப்பர் குளூ போட்டு ஒட்டி மாட்டிக்கொள்கிறார். கீழே ஆறு பல் மிச்சம், நான்கு ஆடுகிறது. சோற்றை ரசத்தில் கரைத்துத்தான் விழுங்குகிறார். இனிப்புநீரும் உண்டு. தனியார் கிளினிக் ஒன்றில் இம்பிளாண்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) வைக்க 18,000 வெள்ளி கேட்டிருக்கிறார்கள். மகன் கடன் எடுக்கத் தயாராக இருக்கிறார். இன்னொரு பக்கம், சாப்பாட்டுக் கடையில் அறிமுகமான ஒருவர், "300 வெள்ளி கொடுங்கள், முன்னாள் ராணுவக் கார்டு எடுத்துத் தருகிறேன், பெக்கா பி40இல் பல்லும் இலவசமாகக் கட்டலாம்" என்கிறாராம். பெக்கா பி40 என்பது வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு சுகாதார உதவித் திட்டம். சேவைப் புத்தகம் வெள்ளத்தில் போய்விட்டது. "பென்ஷன் இல்லாதவனுக்கு என்ன உரிமை இருக்கப்போகிறது, டாக்டரம்மா? கை நீட்டிக் கேட்கவும் மனசு வரவில்லை" என்று முடித்திருக்கிறார். கடைசியில், பேனா நிறம் மாறிய ஒரு வரி: "இடது கன்னத்தின் உள்ளே வெள்ளையாக ஒரு திட்டு இருக்கிறது, வலி இல்லை, வெற்றிலை போடும் பக்கம்."

ஐயா, வணக்கம். நீங்கள் கடைசியில் எழுதிய அந்த வரியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்ளப் போகிறேன். பணம், கார்டு, பல் செட்டு எல்லாம் அதற்கு அப்புறம்.

கன்னத்துக்குள் வெள்ளைத் திட்டு, அதுவும் வெற்றிலையை ஒதுக்கி வைக்கும் அதே இடத்தில் என்றால், அதை ஒரு பல் மருத்துவர் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். இந்த வாரமே. வலி இல்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். வாய்ப் புற்றுநோயும் அதற்கு முந்தைய மாற்றங்களும் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. அதனால்தான் நம் ஆட்கள் தாமதமாக வருகிறார்கள். நீங்கள் புகையிலை சேர்ப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சேர்க்காதது நல்லதுதான். ஆனால் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் 2004லேயே வகைப்படுத்திவிட்டது. வெறும் வெற்றிலை பாக்குதானே என்று இனிச் சொல்ல முடியாது. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடம், குறிப்பாகத் தோட்டத்துப் பெண்களிடம், அதிகம் காணப்படுவதற்கு இந்தப் பழக்கம் முக்கியக் காரணம். உங்கள் வீட்டு அம்மாவும் வெற்றிலை போடுபவர் என்றால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இத்தகைய திட்டுகளில் பல, புற்றுநோயே இல்லை. உடைந்த செட்டின் கூர்முனை உரசியும் வெள்ளையாகலாம், புண்ணாகலாம். பார்க்கும் மருத்துவர் அந்த முனையைத் தேய்த்துவிட்டு இரண்டு வாரம் கழித்து வரச் சொல்வார். ஆறியிருந்தால் சரி. ஆறாமல் இருந்தால், அல்லது பார்த்த உடனேயே சந்தேகம் வந்தால், மருத்துவமனையின் வாய் அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பிச் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பார்கள். மரத்துப்போகும் ஊசி போட்டுத்தான் எடுப்பார்கள். தையல் ஒன்றிரண்டு வரும், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். வெள்ளையோடு சிவப்பும் கலந்திருந்தால், தடவும்போது கெட்டியாகத் தட்டுப்பட்டால், வாய் திறப்பது குறைந்துகொண்டே வந்தால், ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

இதற்குக் கார்டு வேண்டாம், யாருடைய சிபாரிசும் வேண்டாம். அரசு பல் கிளினிக்கில் உங்கள் அடையாளக் கார்டைக் காட்டினால் போதும். 60 வயதைத் தாண்டிய குடிமக்களுக்கு அரசு கிளினிக்கில் வெளிநோயாளிப் பதிவுக் கட்டணமும் இல்லை. பதிவு மேசையில், "பல் கட்ட வந்தேன்" என்று ஆரம்பிக்காதீர்கள். "வாயில் ஆறாத வெள்ளைத் திட்டு இருக்கிறது" என்று முதலில் சொல்லுங்கள். பல் கட்ட வந்தவரைக் காத்திருப்போர் பட்டியலில் போடுவார்கள். திட்டு என்று சொன்னால் அன்றைக்கே வாயைத் திறந்து பார்ப்பார்கள்.

பென்ஷன் வேறு, முன்னாள் படைவீரர் என்ற தகுதி வேறு

உங்கள் கடிதம் முழுக்க ஓடும் எண்ணம் ஒன்று இருக்கிறது: 21 ஆண்டு முடிக்காததால் ராணுவத்துக்கும் உங்களுக்கும் கணக்கு தீர்ந்துவிட்டது என்பது. இது தவறான எண்ணம், ஐயா. சாதாரணப் படைவீரர் பென்ஷன் பெற 21 ஆண்டு சேவை வேண்டும் என்பது உண்மை. உங்கள் காலத்தில் சேர்ந்த தோட்டத்துப் பிள்ளைகள் பலர் ஒப்பந்தம் முடிந்ததும் வெளியே வந்தார்கள், பென்ஷனுக்கு எட்டவில்லை. ஆனால் முன்னாள் படைவீரர் என்ற தகுதி பென்ஷனோடு ஒட்டிக்கொண்டது இல்லை. பென்ஷன் உள்ளவர், இல்லாதவர் இருவரையும் கவனிப்பதற்கென்றே தற்காப்பு அமைச்சின் கீழ் முன்னாள் படைவீரர் விவகார இலாகா இருக்கிறது. மலாயில் ஜாபாத்தான் ஹால் எஹ்வால் வெத்தரான், சுருக்கமாக ஜேஹெச்இவி. மாநிலக் கிளைகளும் உண்டு. முன்னாள் படைவீரர்களுக்கென்று 2012இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது.

இந்த இலாகாவில் பதிந்துகொள்வதுதான் உங்களுக்கு வாசல். பதிவு இருந்தால்தான் அரசு மருத்துவமனைச் சிகிச்சைச் சலுகை, சக்கர நாற்காலி, செயற்கைக் கால் போன்ற உபகரணங்களுக்கான உதவி, வருமானம் குறைந்த பென்ஷன் இல்லாதவர்களுக்கான மாதாந்திர வாழ்க்கைச் செலவு உதவி, வீடு பழுதுபார்க்கும் உதவி என்று எதையும் கேட்க முடியும். மாத உதவியைப் பந்துவான் சாரா ஹீடோப் என்பார்கள். தொகையும் தகுதியும் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுவதால், கடையில் யாரோ சொன்ன தொகையை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். விண்ணப்பிக்கும் அன்று கிளையில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

300 வெள்ளி கேட்கிறவருக்கு ஒரு காசும் கொடுக்க வேண்டாம். உங்கள் அடையாளக் கார்டுப் படம், வங்கிக் கணக்கு எண் எதையும் அனுப்ப வேண்டாம். படிவம் நிரப்பத் துணை வேண்டுமானால் மலேசிய ஆயுதப்படை முன்னாள் வீரர் சங்கமான பிவிஏடிஎம் இருக்கிறது. மாநிலத்திலும் மாவட்டத்திலும் கிளைகள் உண்டு. மலாய்க்காரர்களுக்கான சங்கம் என்று நம்மவர்கள் சிலர் ஒதுங்கி நிற்கிறார்கள். அப்படி இல்லை. ரெஞ்சரில் உங்களோடு இருந்த மலாய், சீன, ஈபான் நண்பர்கள் யாராவது தொடர்பில் இருந்தால் அவர்களைக் கேளுங்கள். ஒருவராவது பதிந்தவராக இருப்பார்.

கை நீட்ட மனசு வரவில்லை என்கிறீர்கள். நீங்கள் கிரிக் காட்டில் இருந்தபோது அந்தச் சண்டை முடியவே இல்லை. நீங்கள் வெளியே வந்து நான்கு ஆண்டுக்குப் பிறகு, 1989 டிசம்பர் 2 அன்று ஹாட்யாயில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் துப்பாக்கிகள் ஓய்ந்தன. அந்தச் சண்டையில் உங்கள் 11 ஆண்டும் உண்டு. அந்தச் சேவைக்காக நாடு ஒதுக்கி வைத்திருப்பதைத்தான் கேட்கப் போகிறீர்கள். கேட்காமல் விட்டால் அந்தப் பணம் உங்களைத் தேடி வராது.

சேவைப் புத்தகம் தொலைந்தால் என்ன செய்வது

வெள்ளத்தில் போனதோடு கதை முடிந்தது என்று நினைத்துவிட்டீர்கள். உங்கள் கையில் இருந்தது ஒரு பிரதிதான்; உங்கள் சேவைக் குறிப்பு ராணுவ ஆவணத்தில் இருக்கும். அதைத் தேட அவர்களுக்கு முதலில் வேண்டியது உங்கள் ராணுவ எண். பழைய வீரர்கள் தங்கள் எண்ணைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். நீங்களும் சொல்வீர்கள் என்று நம்புகிறேன். அந்த எண்ணோடு, சேர்ந்த ஆண்டு, விலகிய ஆண்டு, எந்தப் பட்டாளம், எந்த முகாம் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். ஆவணம் தொலைந்ததற்குப் போலீஸ் ரிப்போர்ட் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். சீருடையில் எடுத்த பழைய படம், பதக்கம், ராணுவத்திலிருந்து வந்த கடித உறை எது கிடைத்தாலும் சேருங்கள். பதக்கத்தின் விளிம்பையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் எண்ணும் பெயரும் பொறித்திருப்பார்கள்.

தோட்டத்து ஆட்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல் பெயர். பிறப்புப் பத்திரத்தில் கிராணி எழுதிய எழுத்து ஒன்று, அடையாளக் கார்டில் ஒன்று, ராணுவத்தில் இன்னொன்று. உங்களுக்கும் அப்படி இருந்தால், மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் ஓடுவதை விட இது நல்லது.

கல்யாண விஷயமும் உண்டு. 1980இல் கோயிலில் தாலி கட்டினோம், பதிவு செய்யவில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். முஸ்லிம் அல்லாதவர்களுக்கான திருமணச் சட்டம் 1982 மார்ச் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வழக்கப்படி செல்லுபடியாக நடந்த திருமணத்தைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. உங்கள் திருமணத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் கையில் காட்டுவதற்குப் பத்திரம் இல்லை என்பதுதான் குறை. அத்தகைய பழைய திருமணத்தையும் தேசியப் பதிவு இலாகாவில் பதிந்துகொள்ள வழி இருக்கிறது. இருவரும் உயிரோடும் நடமாட்டத்தோடும் இருக்கும்போதே செய்துவிடுங்கள். நாளைக்கு உங்களுக்கு ஒன்று என்றால், ஒரு முன்னாள் வீரரின் விதவை என்று அம்மா தனியாகப் போய் நிரூபிக்க வேண்டிய நிலை வரக்கூடாது. இலாகாவில் பதியும்போது அவர் பெயரையும் சேர்க்க மறக்காதீர்கள்.

1979 லாரி விபத்துக்கு இப்போது இழப்பீடு கேட்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வெளிப்படையாகச் சொல்கிறேன்: நம்பிக்கை குறைவு. பணியில் ஏற்பட்ட ஊனத்துக்கான பென்ஷன், சேவையிலிருந்து விலகும்போது மருத்துவக் குழு எழுதி வைப்பதைச் சார்ந்தது. நீங்கள் தகுதியான உடல்நிலையில் விலகியதாகக் குறித்திருந்தால், 40 ஆண்டுக்குப் பிறகு இரண்டு பல்லுக்காக அதை மாற்ற வைப்பது கஷ்டம். சேவைக் குறிப்பு கிடைக்கும்போது மருத்துவக் குறிப்பையும் சேர்த்துக் கேளுங்கள். அதில் தாடை எலும்பு முறிவு பதிவாகியிருந்தால் இலாகாவில் கேட்டுப் பாருங்கள். ஆனால் இதையே நம்பி மற்ற விண்ணப்பங்களை நிறுத்தி வைக்க வேண்டாம். தாடையில் பழைய முறிவு இருந்தது என்பதை உங்கள் பல் மருத்துவரிடமும் சொல்லுங்கள். செட்டு உட்காருவதற்கு அது தேவையான தகவல்.

பல் செட்டு விஷயம்

முதலில் அந்த சூப்பர் குளூவை நிறுத்துங்கள். அது வாய்க்குள் போடும் பொருள் இல்லை என்பது ஒரு பக்கம். இன்னொன்று, உடைந்த இரண்டு பாதியும் ஒட்டும்போது மயிரிழை விலகினால் போதும், செட்டு முழுவதும் கோணலாக உட்காரும். கடிக்கும்போதெல்லாம் ஒரே இடத்தில் அழுத்தும். அழுத்தும் இடத்தில் ஈறு புண்ணாகும், அடியில் எலும்பும் தேயும். 12 ஆண்டில் உங்கள் மேல்தாடையின் வடிவமே மாறியிருக்கும். இனி அந்தச் செட்டைச் சரிசெய்து பயனில்லை, புதிது வேண்டும்.

வீட்டில் வைத்துப் பல் கட்டுகிறவரிடம் மறுபடி போகாதீர்கள். மலிவாகவும் சீக்கிரமாகவும் கொடுப்பார்கள், தெரியும். பதிவு பெற்ற பல் மருத்துவர் இல்லாத ஒருவர் பல் வைத்தியம் செய்வது 2018ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டப்படி குற்றம். அதைவிட எனக்கு ஆத்திரம் தருவது வேறு: உங்கள் வாயில் கையை விட்ட அந்த ஆள் கன்னத்தைப் பார்க்கத் தெரிந்தவர் இல்லை. ஆடும் பல்லைப் பிடுங்காமல் அதன் மேலேயே செட்டை மாட்டிக் கொடுத்து, உள்ளே சீழ் கோத்து வந்தவர்களை அரசு கிளினிக்கில் வேலை செய்த காலத்தில் பார்த்திருக்கிறேன். எல்லாரும் மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கொடுத்த ஏழைகள்.

அரசு பல் கிளினிக்கில் செட்டு கட்டித் தருகிறார்கள். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, ஆனால் தனியார் விலையோடு ஒப்பிட்டால் மிகவும் குறைவு. முன்னாள் வீரர் பதிவு கைக்கு வந்திருந்தால் அதைக் காட்டிச் சலுகை கேளுங்கள். குறை என்னவென்றால் காத்திருப்பு. மாதக் கணக்கில் ஆகலாம். அதனால்தான் கார்டு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே பெயரைப் பட்டியலில் போடச் சொல்கிறேன். வரிசை ஒரு பக்கம் நகரட்டும், காகித வேலை இன்னொரு பக்கம் நடக்கட்டும்.

கீழே ஆடும் நான்கு பல்லை எடுக்க வேண்டி வரலாம். அதற்கு முன் சர்க்கரை அளவைக் கட்டுக்குள் கொண்டு வாருங்கள். ஏறியிருந்தால் புண் ஆறாது. எடுத்த பிறகு ஈறும் எலும்பும் அடங்க ஒன்றரை இரண்டு மாதமாவது பிடிக்கும், அப்புறம்தான் நல்ல அச்சு எடுக்க முடியும். மிச்சமிருக்கும் இரண்டு பல் உறுதியாக இருந்தால் பிடுங்கச் சொல்லி அவசரப்படாதீர்கள். கீழ்ச் செட்டைப் பிடித்து நிறுத்த அவை பெரிய உதவி. மேல் செட்டு அண்ணத்தோடு உறிஞ்சி நிற்கும். கீழ்ச் செட்டுக்கு அந்த வசதி இல்லை, நாக்கு வேறு தள்ளிக்கொண்டே இருக்கும். பல் உள்ள வாய்க்கும் இல்லாத வாய்க்கும் இதில் நிறைய வித்தியாசம்.

ஐந்து தடவையாவது போய்வர வேண்டியிருக்கும். முதலில் அச்சு, அப்புறம் இன்னும் துல்லியமான அச்சு, அப்புறம் கடிக்கும் அளவு. நான்காவது தடவை பல்லை மெழுகில் அடுக்கி வாயில் வைத்துப் பார்ப்போம். இந்தக் கட்டத்தை மட்டும் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். கண்ணாடி கேளுங்கள். சிரித்துப் பாருங்கள். தமிழிலும் மலாயிலும் நாலு வார்த்தை பேசிப் பாருங்கள். பல் நீளமாகத் தெரிந்தால், உதடு மூடவில்லை என்றால், 'ச' வரும்போது விசில் அடித்தால், அங்கேயே சொல்லுங்கள். மெழுகில் இருக்கும்வரை பல்லை நகர்த்தலாம். பிளாஸ்டிக்கில் வார்த்த பிறகு நகர்த்த முடியாது. "டாக்டர் செய்தால் சரியாகத்தான் இருக்கும்" என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் டப்பாவில் போட்டு வைக்கிற பெரியவர்கள் ஏராளம்.

புதுச் செட்டு முதல் சில வாரம் உரசத்தான் செய்யும். தேய்த்துச் சரிசெய்யக் கூப்பிடுவார்கள், போங்கள். ராத்திரியில் கழற்றித் தண்ணீரில் போடுங்கள். சுடுதண்ணீர் வேண்டாம், வளைந்துவிடும். பற்பசை கீறிவிடும், சோப்பும் பிரஷும் போதும்.

அரசு கிளினிக் வரிசை மிக நீளம் என்றால், உங்கள் பக்கத்திலேயே இன்னொரு வழி இருக்கிறது. பீடோங், செமிலிங்கில் உள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் படிப்பு நடக்கிறது. மாணவர்கள் விரிவுரையாளர் மேற்பார்வையில் சிகிச்சை தருவார்கள், கட்டணம் தனியார் கிளினிக்கை விடக் குறைவு. ஒவ்வொரு கட்டத்தையும் ஆசிரியர் சோதிப்பதால் நேரம் பிடிக்கும். அரைநாள் உட்கார வேண்டியிருக்கலாம். பொறுமை இருப்பவர்களுக்கு நல்ல இடம். போக்குவரத்துதான் யோசிக்க வேண்டியது, மகனோடு பேசிப் பாருங்கள்.

மகன் எடுக்கப்போகும் கடன்

உங்கள் மகனின் மனசு பெரியது. இருந்தாலும் இந்தக் கடன் இப்போது வேண்டாம் என்பது என் முடிவு. இம்பிளாண்ட் கெட்ட சிகிச்சை இல்லை. கீழ்த்தாடையில் இரண்டு இம்பிளாண்ட் வைத்து அதன் மேல் செட்டை மாட்டுவது மிகவும் நல்ல முறை. ஆனால் உங்கள் நிலைமையில் மூன்று காரணம் குறுக்கே நிற்கிறது. கன்னத்தில் இருப்பது என்னவென்று தெரியாமல் தாடையில் எதையும் பதிக்கக் கூடாது. இனிப்புநீர் கட்டுப்பாட்டில் இல்லாதபோது இம்பிளாண்ட் எலும்போடு ஒட்டாமல் போகும் அபாயம் கூடுதல். மூன்றாவது, கடன் தவணை மாதா மாதம் ஓடும். அவருக்கும் குடும்பம் இருக்கிறது. சாதாரணச் செட்டைப் போட்டு ஆறு மாதம் பழகிப் பாருங்கள். கீழே நிற்கவே இல்லை என்றால், அப்போது சர்க்கரையும் திட்டும் சரியாக இருந்தால், இம்பிளாண்ட் பற்றிப் பேசலாம். அந்தக் கிளினிக்கில் முன்பணம் கேட்டு அவசரப்படுத்தினால், எழுத்தில் விலை விவரம் வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

பணம் வரக்கூடிய மற்ற இடங்கள்

பெக்கா பி40 பல் செட்டுக்குப் பணம் தராது. சாப்பாட்டுக் கடையில் அறிமுகமானவர் சொன்னது தவறு. ஆனால் உங்களுக்குப் பயன்படும் வேறு ஒன்று அதில் இருக்கிறது. எஸ்டிஆர் பெறும் 40 வயதுக்கு மேற்பட்டவருக்கும் அவர் துணைக்கும் இலவச உடல் பரிசோதனை உண்டு. சர்க்கரை, இரத்த அழுத்தம், இரத்தப் பரிசோதனை எல்லாம் அதில் வரும். பல் பிடுங்குவதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டிய சோதனைகளே அவை. நீங்களும் அம்மாவும் சேர்ந்தே போய்வாருங்கள். அரசு மருத்துவமனைச் சிகிச்சைக்குத் தேவையான சில உபகரணங்களுக்கு வாழ்நாளில் 20,000 வெள்ளி வரை, புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பவர்களுக்கு 1,000 வெள்ளி, போக்குவரத்துக்கு உதவி என்பவையும் அதே திட்டத்தில் அடக்கம்.

சமூக நல இலாகாவில் முதியோருக்கான மாத உதவி 2025 முதல் 600 வெள்ளி. குடும்ப வருமானத்தைப் பார்த்து, வீட்டுக்கு வந்து விசாரித்துத்தான் தருவார்கள். மகன் உங்களோடு இருப்பதால் உங்களுக்கு அது சுலபமாகக் கிடைக்காது. விண்ணப்பித்தாலும் மகன் சம்பளத்தை மறைக்காதீர்கள். ராணுவ இலாகாவின் மாத உதவி, சமூக நல உதவி இரண்டுக்கும் விண்ணப்பித்தால் இரண்டு படிவத்திலும் மற்றதைக் குறிப்பிடுங்கள். மறைத்து வாங்கிவிட்டுப் பிறகு திருப்பிக் கட்டுவது பெரிய தலைவலி. முதலில் ராணுவ இலாகாவுக்குப் போங்கள். உங்களுக்கு அங்கேதான் வாய்ப்பு அதிகம்.

லெத்தாட் எனப்படும் ஆயுதப்படை நிதி வாரியப் பணத்தை வாங்கினோமா என்று ஞாபகம் இல்லை என்கிறீர்கள். வாரியம் 1972இல் தொடங்கியது, நீங்கள் 1974இல் சேர்ந்தீர்கள். ஆகவே உங்கள் சம்பளத்தில் பிடித்திருப்பார்கள். பென்ஷன் இல்லாமல் விலகியவருக்கு அவர் கட்டியதோடு அரசு கட்டிய பங்கும் சேர்ந்து கிடைக்க வேண்டும். பெரும்பாலும் 1985லேயே மொத்தமாக வாங்கியிருப்பீர்கள். ஆனாலும் ராணுவ எண்ணைக் கொடுத்து வாரியத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். கேட்பாரற்ற பணத்தைப் பார்க்கத் தேசியக் கணக்காளர் இலாகாவின் இகுமிஸ் இணையத்தளம் இருக்கிறது. மகனைக் கைத்தொலைபேசியில் உங்கள் அடையாளக் கார்டு எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சேமநிதி காலத்துப் பழைய வங்கிக் கணக்கு ஏதாவது இருந்தாலும் அதில் தெரியலாம்.

மருத்துவமனைக்கு அனுப்பும் நிலை வந்து செலவு கையை மீறினால், அரசு மருத்துவமனைகளில் மருத்துவ சமூகப் பணிப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வார்டு நர்ஸிடமோ டாக்டரிடமோ அங்கே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் வருமானத்தை விசாரித்து, எந்த நிதியிலிருந்து உதவி பெறலாம் என்று பார்த்துக் கடிதம் எழுதுவது அவர்கள் வேலை. சம்பளச் சீட்டு, எஸ்டிஆர் விவரம், மின்சார பில் ஆகியவற்றின் நகலை ஒரே கோப்பில் போட்டு வைத்திருந்தால், ராணுவ இலாகாவுக்கும் இவர்களுக்கும் அதையே காட்டலாம்.

இப்போது செய்ய வேண்டியது: திங்கட்கிழமை காலையில் அரசு பல் கிளினிக். சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் உடைந்த செட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். எந்த இடத்தில் அழுத்தியிருக்கிறது என்பதை டாக்டர் அந்தச் செட்டைப் பார்த்தே கண்டுபிடிப்பார். திட்டைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்பதை எனக்கு எழுதுங்கள். துண்டு எடுத்துச் சோதிக்கச் சொன்னால் அந்தக் கடிதத்தின் நகலையும் வைத்து அனுப்புங்கள்.